மாலை வானும் இரு பஞ்சாங்கங்களும்

மட்டாஞ்சேரியில் குடியேறி வாழும் தமிழர் இல்லங்களில் சுவரில் இரண்டு நாட்காட்டிகள் தொங்குவது வழக்கம். ஒன்று மலையாள நாட்காட்டி. அலுவலகத்திற்கும் பள்ளிக்கூடத்திற்கும் ரேஷன் கடைக்கும் அதுவே துணை. மற்றொன்று ஊரிலிருந்து வருவோர் கையோடு கொண்டு வரும் தமிழ் நாட்காட்டி. அதனருகே ஆணியில் மாட்டிய வாக்கியப் பஞ்சாங்கமும் இருக்கும். ஆண்டின் பெரும்பகுதி இவ்விரண்டும் சண்டையின்றி ஒரே சுவரில் வாழ்கின்றன. சனிப்பெயர்ச்சி வரும்போதுதான் வீட்டில் வழக்கு மூளும்.

மலையாள நாட்காட்டியும் திருக்கணிதப் பஞ்சாங்கமும் 2023 ஜனவரி 17 அன்று சனி கும்பத்தில் புகுந்ததாகக் கூறின. திருநள்ளாற்றில் அவ்விழா நடந்ததோ 2023 டிசம்பர் 20 அன்று. அடுத்த பெயர்ச்சியைத் திருக்கணிதம் 2025 மார்ச் 29 என்றது. திருநள்ளாறு தேவஸ்தானமோ, தாங்கள் பின்பற்றுவது வாக்கியம் ஆதலின் பெயர்ச்சி 2026ஆம் ஆண்டிற்கே உரியது என்று அறிவித்தது. வானில் உள்ள சனி ஒன்றே. அஃது ஒரே இராசிக்குள் ஏறத்தாழ ஓராண்டு இடைவெளியில் இருமுறை நுழைவது எங்ஙனம்?

இவ்வினா நமக்கு ஏட்டளவில் எழுந்ததன்று. நம் சங்க அன்பர் ஒருவரின் மகளுக்கு 2020இல் பாலக்காட்டில் வரன் அமைந்தது. பெண் விருச்சிக இராசி. சனி தனுசை விட்டு மகரம் புகுந்தால் அவளுக்கு ஏழரைச் சனி ஒழியும். மாப்பிள்ளை வீட்டார் திருக்கணிதக்காரர். அவர்கள் கணக்கில் 2020 ஜனவரி 24ஆம் தேதியே சனி விலகியாயிற்று. பெண்ணின் தாத்தாவோ திருநெல்வேலிச் சீமையிலிருந்து வந்து அறுபது ஆண்டுகள் இங்கே மளிகை வியாபாரம் செய்த பெரியவர்; வாக்கியத்தை விட்டு ஓர் அடி நகராதவர். அவர் கணக்கில் டிசம்பர் 27 வரையில் சனி தனுசில்தான். அதற்கு முன் தட்டு மாற்றவும் கூடாது என்றார். நோய்த் தொற்றுக்காலம் வேறு சேர்ந்துகொண்டது. பிள்ளை வீட்டார் பொறுமையிழந்து வேறிடம் பார்க்கத் தொடங்கினர் என்ற செய்தியும் காதில் விழுந்தது.

அந்த டிசம்பர் 21ஆம் நாள் மாலை, வியாழனும் சனியும் வானில் ஒட்டி நிற்கும் என்று செய்தித்தாள்கள் எழுதின. நாம் அன்று பணி முடிந்து அவர்கள் வீட்டு மொட்டை மாடிக்குச் சென்றோம். பெரியவரையும் கைத்தாங்கலாக மேலே அழைத்து வந்தனர். கதிரவன் மறைந்து அரை மணி கழிந்தது. தென்மேற்கில் மேகம் சற்று விலகவே, தென்னை மட்டைகளுக்கு மேலே ஒளி ஒன்று தென்பட்டது. பெரியவர் அதை ஒரே மீனாகக் கண்டார். பேத்தியோ இரண்டு என்றாள். இருவர் சொல்லும் மெய்யே. அன்று அவ்விரு கோள்களுக்கும் இடைவெளி பத்தில் ஒரு பாகை மட்டுமே. முழுமதியின் அகலம் அரைப் பாகை என்பதை எண்ணினால் அந்த நெருக்கம் விளங்கும்.

இனிப் பஞ்சாங்கத்தைப் பார்ப்போம். வாக்கியக் கணக்கில் குரு அவ்வாண்டு நவம்பர் 15 அன்றே மகரம் புகுந்துவிட்டார். சனி டிசம்பர் 27 வரையில் தனுசிலிருந்தார். ஆக, டிசம்பர் 21இல் ஒருவர் மகரத்திலும் மற்றவர் தனுசிலுமாக, ஆறு பாகைக்கும் மேற்பட்ட இடைவெளியில் நின்றிருத்தல் வேண்டும். பன்னிரண்டு முழுமதிகளை வரிசையாக அடுக்கி வைக்கும் இடைவெளி அது! பெரியவர் முதலில், “இராசிக்கு எல்லைக் கல் யார் நட்டார்கள்? தனுசு எங்கே முடிகிறது என்று உங்களுக்குத் தெரியுமா?” என்று கேட்டார். நியாயமான கேள்வி. வானில் கோடு ஏதும் கிழித்திருக்கவில்லை. ஆயின் எல்லை எங்கேயிருந்தாலும், சேர்ந்து நிற்பவை சேர்ந்து நிற்பவையே அன்றோ? அதற்கு அவர் விடை கூறவில்லை. நெடுநேரம் மேற்கே பார்த்துக்கொண்டிருந்தவர், மாடிப்படி இறங்கும்போது ஒன்று கேட்டார்: “இந்தக் கணக்கை எழுதினவர்கள் கடைசியாக எப்போது நிமிர்ந்து பார்த்தார்கள்?”

அக்கேள்விக்கு விடை தேடியதன் பயனே இக்கட்டுரை.

மாலை வானை நிமிர்ந்து நோக்கும் வழக்கம் நம்மவர்க்குப் பழையது. வெண்ணிற ஒளியால் வெள்ளி, செந்நிறத்தால் செவ்வாய், மங்கிய நிறத்தால் மைம்மீன் அல்லது காரி என்று கண்ணுக்குத் தோன்றியவாறே கோள்களுக்குப் பெயரிட்டனர். வெள்ளி தென்திசை சென்றால் மழை பொய்க்கும் என்று அக்காலத்தார் அஞ்சினர். அங்ஙனம் சென்றாலும் காவிரி பொய்யாது என்று பாராட்டித் தொடங்குவது பட்டினப்பாலை. இளங்கோவடிகளும் நாடுகாண் காதையில் காரியையும் வெள்ளியையும் இவ்வாறே எடுத்துரைக்கின்றார். அன்றியும், நாம் வாழும் இச்சேர நாட்டின் மன்னன் செங்குட்டுவன் வடதிசை சென்று கங்கைக் கரையில் தங்கியிருந்தபோது நிகழ்ந்ததாக நீர்ப்படைக் காதை கூறுவதும் நினைக்கத்தக்கது. மாலைப்பொழுதில் மன்னன் மேற்கே தோன்றிய பிறையை நோக்குகின்றான். குறிப்பறிந்த பெருங்கணி, வஞ்சியை விட்டு நீங்கி முப்பத்திரண்டு திங்கள் ஆயின என்கின்றான். ஊரை விட்டு வந்தவர் ஊரை நினைத்துப் பார்ப்பதற்கு மாலை வானம் அன்றே கருவியாக இருந்தது.

கண்ணால் காண்பது ஒரு கலை. கண்டதைக் கணக்காக்குவது மற்றொரு கலை. பின்னதில் கேரளத்தார் ஈட்டிய புகழ் பெரிது. எழுத்துக்கு எண் கொடுத்து, எண்களைச் சிறு சிறு தொடர்களாக அமைத்து மனப்பாடம் செய்யும் முறை இங்கே தழைத்தது. அதற்குக் கடபயாதி என்று பெயர். மலையாளத்தில் பரல்பேரு என்பர். சந்திரன் 248 நாட்களில் ஒன்பது முறை தன் வேக மாறுபாட்டுச் சுற்றை முடிக்கின்றது. அந்த 248 நாட்களுக்கும் நாளொன்றுக்கு ஒரு தொடராக, 248 வாக்கியங்கள் வரருசியின் பெயரால் வழங்குகின்றன. வாக்கியப் பஞ்சாங்கம் என்னும் பெயர் வந்த காரணம் இதுவே. தமிழ்நாட்டுப் பஞ்சாங்கங்களுக்கு அடிப்படையான வாக்கியகரணம் என்னும் நூல் கி.பி. 1300ஐ ஒட்டிய காலத்தது என்பர்.

கேரளத்தில் அரிதத்தர் 683இல் பரகிதம் என்னும் கணித முறையை வகுத்தார். அது திருநாவாயில் மாமாங்கத்தின்போது ஏற்கப்பெற்றது என்பது மரபு. எழுநூறு ஆண்டுகள் சென்றபின் அக்கணக்கும் வானத்தோடு ஒட்டவில்லை. அப்போது ஒருவர் நிமிர்ந்து பார்த்தார். நிளை ஆற்றின் வடகரையில், ஆலத்தியூரில் வாழ்ந்த பரமேசுவரர் அவர். ஐம்பத்தைந்து ஆண்டுகள் கிரகணங்களையும் கோள்களையும் கண்டு, கணக்கோடு ஒப்பிட்டு, 1431இல் திருக்கணிதம் என்னும் நூலை இயற்றினார். திருக் என்றால் கண், பார்வை. கண்ணுக்கு ஒத்த கணிதம் என்பதே அதன் பொருள். நம்மவருள் பலர் ‘திரு’ என்னும் மங்கலச் சொல்லே முன்னிற்கிறது என்று நினைத்திருப்பர். நாமும் நெடுங்காலம் அவ்வாறே நினைத்திருந்தோம்.

ஐம்பத்தைந்து ஆண்டுகள்! இடவப்பாதி தொடங்கி மாதக்கணக்கில் வானம் மூடிக் கிடக்கும் நாடு இது. அவ்வளவு மழைக்கும் இடையில், கிடைத்த மாலைகளையெல்லாம் வீணாக்காமல் ஒருவர் பார்த்துக்கொண்டேயிருந்தார் என்பதை எண்ணும்போது வியப்பு மேலிடுகின்றது.

அவருக்கு முன் வாழ்ந்த சங்கமகிராமத்து மாதவர், சந்திரனின் நிலையை நாளொன்றுக்கு ஒன்பது முறை கண்டறியும் வழியை வேண்வாரோகம் என்னும் நூலில் தந்தார். சங்கமகிராமம் என்பது இரிஞ்ஞாலக்குடா என்று கருதப்பெறுகின்றது. பரமேசுவரரின் மகன் தாமோதரரிடம் பயின்றவர் நீலகண்ட சோமயாஜி. பிறந்தது 1444, ஊர் திரூரை அடுத்த திருக்கண்டியூர். இரிஞ்ஞாலக்குடா, திருநாவாய், திரூர் என்று நாள்தோறும் பயணச்சீட்டில் இப்பெயர்களைக் கண்டும், அவ்வூர்களுக்கு இத்துணைப் பெருமை உண்டென்று நாற்பது வயது வரையில் அறியாதிருந்தோம்.

நீலகண்டர் 1500ஐ ஒட்டி இயற்றிய தந்திரசங்கிரகம் நம் பொருளுக்கு மிக நெருங்கியது. வெள்ளியை மாலையில் மேற்கிலோ விடியலில் கிழக்கிலோ காணலாம். நள்ளிரவில் உச்சியில் ஒருபோதும் காண இயலாது. அது சூரியனை விட்டு 47 பாகைக்கு மேல் விலகுவதில்லை. புதன் 28 பாகையையும் தாண்டுவதில்லை. ஆதலின் அதைக் கண்டவரே அரியர். இவ்விரண்டு மட்டும் சூரியனின் முந்தானையைப் பற்றியவாறு திரிவானேன்? இவற்றின் கணக்கைச் சூரியனை நடுவாகக் கொண்டு நீலகண்டர் திருத்தி அமைத்தார். ஐந்து கோள்களும் சூரியனைச் சுற்ற, சூரியன் புவியைச் சுற்றுகின்றது என்னும் அமைப்பு அவர் கணிதத்தில் அடங்கியிருப்பதாக இக்கால ஆய்வாளர் காட்டியுள்ளனர். ஐரோப்பாவில் டைக்கோ பிராகி இத்தகைய அமைப்பைக் கூறியது அதற்குப் பின்னர், அந்நூற்றாண்டின் இறுதிப் பகுதியில்தான். முன்னோர் நூல் வானத்தோடு பொருந்தாதபோது ஆராய்ந்து புதுக்கணக்கு வகுத்தல் வேண்டும் என்பதையும் நீலகண்டர் சோதிர்மீமாம்சையில் வலியுறுத்தினார்.

நமக்குப் பெருமகிழ்ச்சி தந்த செய்தி ஒன்றுண்டு. வாக்கியகரணத்திற்கு உரை எழுதிய தமிழ்நாட்டுக் கணிதர் சுந்தரராசர் நீலகண்டரின் காலத்தவர். தம் ஐயங்களை அவர் நீலகண்டரிடம் கேட்டு விடை பெற்றார். மலைக்கு இப்பாலும் அப்பாலும் ஐந்நூறு ஆண்டுகளுக்கு முன்பே இப்படியோர் உறவு இருந்தது. இருந்தும் கேரளத்தில் வானத்தைப் பார்த்துக் கணக்கைத் திருத்தும் வழக்கம் வேரூன்றியது. நம் பக்கத்திலோ வாக்கியமே நிலைத்தது.

நிலைத்ததற்குக் காரணம் உண்டு. அது மிகச் சிறந்த கணக்காக இருந்தது. பிரெஞ்சு வானியலார் லெ ஜாந்தீல் என்பவரின் கதை இதற்குச் சான்று. சூரியனை வெள்ளி கடக்கும் காட்சியைப் புதுச்சேரியில் காண அவர் புறப்பட்டு வந்தார். 1761 மே மாதத்தில் நம் மலையாளக் கரையின் மாகே அருகே கப்பல் வந்தபோது, மாகேயும் புதுச்சேரியும் ஆங்கிலேயர் கைக்குப் போன செய்தி எட்டியது. கப்பல் திரும்பிற்று. ஜூன் 6 அன்று ஆடும் கப்பலின் தட்டில் நின்று பார்த்தார், பயனில்லை. எட்டாண்டு காத்திருந்தார். புதுச்சேரியில் கூடம் கட்டி, 1769 ஜூன் 4 விடியலில் கருவியோடு நின்றார். மேகம் மூடிக்கொண்டது!

அவர் வெறுங்கையோடு திரும்பவில்லை. புதுச்சேரியில் தமிழர் கிரகணம் கணிக்கும் முறையைக் கற்றார். 1765 ஆகஸ்டு 30ஆம் நாளைய சந்திர கிரகணத்தின் கால அளவு தமிழர் கணக்கில் 41 நொடிதான் குறைந்திருந்தது. ஐரோப்பாவில் புகழ்பெற்ற மேயரின் அட்டவணையிலோ 68 நொடி மிகுந்திருந்தது. இதைச் சொல்லியவர் நம்மவர் அல்லர், லெ ஜாந்தீலே. 1825இல் காலசங்கலிதம் என்ற நூலை வெளியிட்ட ஜான் வாரன், அவ்வாண்டு மே 31 – ஜூன் 1 இரவின் சந்திர கிரகணத்தைப் புதுச்சேரிப் பஞ்சாங்கக் கணிதர் ஒருவர் கணித்த விதத்தை எழுதியுள்ளார். தரையில் சோழிகளைப் பரப்பி, அட்டவணை முழுவதையும் நினைவிலிருந்தே கூறிக் கணித்தாராம். தொடக்கத்தில் நான்கு நிமிடமும், நடுவில் இருபத்து மூன்று நிமிடமும், முடிவில் ஐம்பத்திரண்டு நிமிடமும் பிழை. ஏடும் எழுத்தாணியுமின்றி இத்துணை நெருங்கியது வியப்பே. ஆயின் அக்கணக்கு எதனால் அப்படி அமைந்தது என்னும் தத்துவம் அவருக்குத் தெரியாது என்றும் வாரன் குறிக்கின்றார். நினைவு நிலைத்தது, நிமிர்ந்து பார்த்தல் நின்றது.

நமக்குப் பழகிய உவமை நிலையக் கடிகாரம். நல்ல கடிகாரம்தான், நாளொன்றுக்கு அரை நொடி பின்தங்குகின்றது என்று வைத்துக்கொள்வோம். ஒருவரும் குறை கூறார். ஓராண்டில் அது மூன்று நிமிடமாகும், வண்டி தவறும். ஆகவேதான் இரயில்வேயில் நாள்தோறும் நேரக் குறிப்பு அனுப்பிக் கடிகாரங்களைத் திருத்துகின்றனர். சனியின் கணக்கில் ஆண்டிற்கு அரைக் கலை பிழை என்று கொண்டால் 720 ஆண்டுகளில் ஆறு பாகை ஆகிவிடும். பெரியவர் மாடியில் கண்ட வேறுபாடு ஏறத்தாழ இதுவே. கணித்தவர் மீது குற்றமில்லை. கடிகாரத்தைத் திருத்தாதுவிட்ட பிற்காலத்தார் மீதுதான் குற்றம்.

இரயில்வேயின் நேரமும் வானத்திலிருந்து வந்ததே. 1786இல் வில்லியம் பெட்ரி எழும்பூரில் தம் சொந்தச் செலவில் வைத்த வானாய்வுக்கூடம் கும்பினியார் கைக்கு மாறி, 1792இல் நுங்கம்பாக்கத்தில் நிலைபெற்றது. தமிழ் உள்ளிட்ட பல மொழிகளில் அச்செய்தி பொறித்த கருங்கல் தூண் அங்கே உள்ளது. அங்கு விண்மீன் பார்த்து அறுதியிட்ட மதராஸ் நேரமே இந்திய இரயில் பாதைகளுக்கெல்லாம் நேரமாக விளங்கியது. 1902இல் ஷொரணூரிலிருந்து எறணாகுளத்திற்கு முதல் வண்டி வந்தபோதும் அந்நேரமே. இந்திய நேரம் வந்தது 1906 ஜனவரி முதல்.

அக்கூடத்தில் பணியாற்றியவர் சிந்தாமணி ரகுநாதாசாரியார். பஞ்சாங்கக் குடும்பத்தில் பிறந்து, உதவியாளராகச் சேர்ந்து, தலைமை உதவியாளராக உயர்ந்தார். 1867இல் ஒளி மாறும் விண்மீன் ஒன்றைக் கண்டுபிடித்தார். 1872இல் இலண்டன் அரச வானியல் கழகத்தின் உறுப்பினரானார். 1874 டிசம்பர் 9 அன்று வெள்ளி சூரியனைக் கடக்கவிருந்ததைப் பொதுமக்களுக்கு விளக்க ஆங்கிலத்திலும் நாட்டு மொழிகளிலும் நூல் வெளியிட்டார். பழங்கணக்கைக் கண்கண்ட நிலையோடு பொருத்தித் திருக்கணிதப் பஞ்சாங்கமும் வெளியிட்டார். எதிர்ப்புக்குக் குறைவில்லை. 1880இல் அவர் மறைந்தார். தமிழ்நாட்டில் நிமிர்ந்து பார்த்தவர் யார் என்று பெரியவர் கேட்டிருந்தால், நாம் முதலில் சொல்லும் பெயர் இதுவே.

விடுதலைக்குப் பின் மேகநாத சாகாவின் தலைமையில் 1952இல் அமைந்த குழு 1955இல் அறிக்கை தந்தது. 1957 மார்ச் 22 முதல் அரசின் தேசியப் பஞ்சாங்கம் நடைமுறைக்கு வந்தது. இதற்கு முன்பே, 1948இல், கொச்சி அரச குடும்பத்து இராமவர்ம மரு தம்புரானும் அகிலேசுவர ஐயரும் பழைய மலையாளக் கணித நூலான யுக்திபாஷையை விளக்கத்தோடு பதிப்பித்துத் திருச்சூரில் வெளியிட்டனர் என்பதையும் நம் ஊர்ப் பெருமையாகக் கூறலாம். இவ்வளவு நடந்தும் 1962 பிப்ரவரியில் எட்டுக் கோள்கள் மகரத்தில் கூடுகின்றன என்று நாடெங்கும் கலங்கி யாகம் வளர்த்தனர். வேடிக்கை யாதெனில், அவை யாவும் சூரியனின் அருகில் இருந்தமையால் அக்கூட்டத்தை எவரும் இரவு வானில் கண்டிருக்க முடியாது. காணாததற்கே நாம் மிக அஞ்சுகின்றோம் போலும்!

மட்டாஞ்சேரியில் மாலை வானம் எவர்க்கும் புறம்பானதன்று. இங்கு வாழ்ந்த யூதர்கள், 1760இல் எசக்கியேல் ரகபி எழுப்பிய மணிக்கூண்டு தம் கோயிலருகே நின்றும், சனிக்கிழமை ஓய்வு நாள் முடிந்ததை மூன்று விண்மீன்கள் தோன்றுவதைக் கொண்டே அறிவது மரபு. பகலிலேயே தெரியும் பெரிய மீனும், நள்ளிருளில் மட்டும் தெரியும் சிறு மீனும் அக்கணக்கில் சேரா. ஆகவே வெள்ளியைக் கண்டு விளக்கேற்ற இயலாது. கச்சி மேமன்களும் ராவுத்தர்களும் பிறை காண மேற்கே நோக்குகின்றனர். ஆறு மணிக்குப்பின் ஜெட்டியில் நிற்கும் எவரும் மின்னாமல் நிலைத்து ஒளிரும் மீனைக் கண்டால் அது பெரும்பாலும் கோள் என்று கொள்ளலாம். வெள்ளியை ஒருமுறை கண்ட இடத்தையும் நாளையும் குறித்து வைத்தால், எட்டு ஆண்டுகள் கழித்து ஏறத்தாழ அதே நாளில் அதே இடத்தில் காணலாம்.

வியாழனும் சனியும் கூடுவது இருபது ஆண்டுக்கு ஒருமுறை. மூன்று கூட்டங்களில், அதாவது ஏறத்தாழ அறுபது ஆண்டுகளில், அவை பழைய இடத்தின் அருகே மீள்கின்றன. நம் பிரபவ முதலிய அறுபது ஆண்டு வட்டத்திற்குள் வியாழனின் ஐந்து சுற்றும் சனியின் இரண்டு சுற்றும் அடங்குவதை எண்ணுக. 1961 பிப்ரவரியில் விடியல் வானில் அவை கூடியபோது நடந்தது சார்வரி ஆண்டு. 2020 டிசம்பரில் நாம் மாடியில் கண்டபோதும் சார்வரியே. இதை நாம் பெரியவரிடம் கூறியபோது அவர் முகம் மலர்ந்தது. “அப்படியானால் நம் முன்னோர் ஒரு காலத்தில் நன்றாகவே பார்த்திருக்கிறார்கள்” என்றார்.

திருமணம் தை மாதத்தில் நடந்தது. அதற்குள் இரு பஞ்சாங்கத்திலும் சனி மகரம் புகுந்திருந்தமையால் எவரும் எவருக்கும் தோற்கவில்லை. பெரியவர் இப்போது இல்லை. அவர் வீட்டிற்கு அண்மையில் சென்றபோது, ஆணியில் இன்னும் தொங்கும் அவ்வாண்டு வாக்கியப் பஞ்சாங்கத்தை எடுத்துப் புரட்டினோம். மார்கழி மாதத்துப் பக்கத்தில், சனி தனுசில் என்று அச்சிட்டிருந்த வரியின் ஓரமாக, நடுங்கும் பென்சில் எழுத்தில் இருந்தது: “21-12. மாலை 6-45. குருவும் சனியும் சேர்ந்து கண்டது. எனக்கு ஒன்று, குழந்தைக்கு இரண்டு.”